முன்வரிசைத் தலை

வாசகரே, இலவசக் கூட்டங்களில் மட்டுமே காணக்கிடைக்கும் ஓர் உயிரினத்தை இன்று உங்களுக்குக் காட்டப்போகிறேன். முன்வரிசைத் தலையாட்டி என்று பெயர். ஆமாம்சாமியோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆமாம்சாமி மேலதிகாரிக்கு மட்டுமே தலையாட்டுவார், அதுவும் பதவி உயர்வு கண்ணில் பட்டால்தான். நம்மவர் அப்படியா? நாணயங்களின் வரலாறா, ஆட்டுவார். நாடோடிப் பாடலா, ஆட்டுவார். மரணத்தைப் பற்றிய தத்துவமா, இன்னும் சற்று உற்சாகமாகவே ஆட்டுவார். அனுமதி இலவசமென்றால் தலையும் இலவசம்.

எங்கள் கிளை நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் சொற்பொழிவு உண்டு. அங்கே இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார்: ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர். நாற்காலிகளைப் பிரித்துப் போடும் முன்பே வந்து, முதல் வரிசையின் நடுவில் அமர்ந்து, குடையைக் கைப்பிடியில் மாட்டி, கண்ணாடியைத் துடைத்து, பேச்சாளர் "அனைவருக்கும் வணக்கம்" என்றதுமே ஆட்டத் தொடங்கிவிடுவார். வணக்கத்தில் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது? அதையெல்லாம் கேட்கக் கூடாது.

மேடையில் நின்றவர்களுக்குத்தான் அந்தத் தலையின் அருமை தெரியும். காற்று வாங்க வந்தவர், தேநீருக்கு வந்தவர், மழைக்கு ஒதுங்கியவர், கைபேசியில் மூழ்கியவர் என்று பரந்து கிடக்கும் அந்தக் கடலில் மிதக்கும் ஒரே கட்டை அதுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் கரையேறினார்கள். அது தந்த தெம்பில் ஒரு தத்துவப் பேராசிரியர், காவலாளி விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார். இருட்டிலும் தலை ஆடும் ஓசை கேட்டதாம். பின்வரிசை அம்மாள் ஒருவர் விசிறி கொண்டுவருவதையே விட்டுவிட்டார். அந்த ஆட்டத்தின் காற்றே போதுமாம்.

வீட்டில் அவர் மனைவி கேட்பார்.

"இன்னிக்கு என்ன பேசினாங்க?"

"ரொம்ப ஆழமா பேசினாங்க."

"எதைப் பத்தி?"

"எல்லாத்தையும் பத்தி."

இப்படிப்பட்ட தலைக்குத்தான் ஒரு சனிக்கிழமை காலையில் கழுத்து பிடித்துக்கொண்டது. முந்தின வாரம் வெளி இடங்களையும் சேர்த்து மூன்று கூட்டம், உழைப்பு அதிகம். ஆனாலும் மனிதர் வந்துவிட்டார், சட்டைக் காலருக்குள் மருந்துப் பட்டையை ஒளித்துக்கொண்டு.

அன்றைய பேச்சாளர் கல்லூரியில் வரலாறு நடத்தும் ஒரு பெண். தலைப்பு, பூட்டின் கதை. ஆறு வருட ஆராய்ச்சி, முதல் மேடை. சொதப்பினால் காகிதங்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவெடுத்து வந்திருந்தார். கடைசி வரிசையில் அவருடைய மாமியார். "ஆறு வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு என்னதான் எழுதறேன்னு இன்னிக்குப் பாத்துடறேன்" என்று புறப்பட்டு வந்தவர்.

"பூட்டு வந்த பிறகுதான் திருட்டு வந்தது" என்று கம்பீரமாகத் தொடங்கினார் பேச்சாளர். தலை அசையவில்லை. "பெரும்பாலும்" என்று சேர்த்துக்கொண்டார். முகவர் பாவம், ஆட்டத்தான் முயன்றார். வலியில் முகம் அஷ்டகோணலாயிற்று. அதைப் பார்த்த பேச்சாளருக்கு ஆறு வருடமும் கோணிற்று. "சில ஊர்களில்" என்றார். "ஒருவேளை" என்றார். தண்ணீர் குடித்தார். "இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கலாம்" என்றார். அந்த முகத்தைத் திருப்திப்படுத்த ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் திருடன்தான் நாகரிகத்தின் தந்தை, பூட்டு செய்பவனுக்கே சோறு போட்டவன் அவன்தான் என்று அடிமட்டத்தில் வந்து நின்றார். தலையா? கற்சிலை.

பின்வரிசையில் மாமியார் எழுந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் நில்லு. வீட்டுல வேற மாதிரியில்ல சொல்லிக்கிட்டிருந்தே? பூட்டு வந்த பிறகுதான் திருட்டே வந்துச்சுன்னு?"

"அது வந்து... அத்தை..."

"அதை நம்பித்தானே வாசக்கதவைப் பூட்டாம வந்திருக்கேன்!"

"என்னது, பூட்டலையா?"

"பீரோவும் திறந்துதான் கிடக்கு. என் வளையல் மொத்தமும் அதுலதான். இப்ப வந்து மாத்திப் பேசறியே!"

தேநீருக்கு வந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேச்சாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஆராய்ச்சியை நம்பி வளையலையே பணயம் வைத்த ஓர் ஆத்மா ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கிறதே! காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முன்வரிசையை ஏறிட்டும் பார்க்காமல், கடைசி வரிசைக்கு மட்டும் முதலிலிருந்து சொன்னார். பொறி பறந்தது. கைதட்டல் அடங்கியதும் நேரே முகவரிடம் போனார்.

"உங்களுக்கு இதுல என்ன சார் மறுப்பு?"

"மறுப்பா? ஐயையோ, கழுத்துப் பிடிப்பும்மா! அருமையா பேசினீங்க."

"முதல்ல பேசினதா, கடைசில பேசினதா?"

"ரெண்டுமே!"

மாமியாரும் மருமகளும் தேநீரைக்கூடத் தொடாமல் வீட்டுக்கு ஓடினார்கள். அங்கே ஒரு துரும்பும் களவு போயிருக்கவில்லை. "பாத்தியா, நீ சொன்னதுதான் சரி" என்று தீர்ப்புச் சொன்ன மாமியார், மறுநாள் கடைக்குப் போய் இரண்டு பெரிய பூட்டு வாங்கிவந்தார். ஆராய்ச்சி வேறு, வளையல் வேறு. ஆனால் காகிதங்கள் பரணேறவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். பூட்டு வந்த பிறகே திருட்டு வந்தது என்று படித்தபோது "அட, ஆமாம்" என்று உங்கள் தலை ஒருமுறை அசைந்தது. திருடன்தான் நாகரிகத்தின் தந்தை என்றபோது இன்னொருமுறை அசைந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போதும் அசைகிறதே?

கழுத்து பத்திரம்.