சைக்கிளுக்கு நங்கூரம் போட்டவர்

உலகத்தில் சைக்கிளுக்கு நங்கூரம் போட்ட ஒரே மனிதர் எங்கள் தண்டையலார்தான். இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். மறுப்பவர்கள் யாராவது இருந்தால், எழுபதுகளின் தொடக்கத்தில் நெடுந்தீவில் அவருக்குப் பக்கத்து வீட்டில் மூன்று வருடம் குடியிருந்துவிட்டு வந்து மறுக்கட்டும். பள்ளிக்கூட மாஸ்டராக நான் இருந்தவன்.

பாய்க்கப்பலின் தலைவனைத் தண்டையல் என்பார்கள். ஊர்காவற்றுறைக்கும் தீவுகளுக்குமிடையில் கூரை ஓடும் அரிசியும் சீமெந்தும் ஏற்றி முப்பது வருடம் கடலில் கிடந்தவர் அவர். எஞ்சின் வள்ளங்கள் வந்த பிறகு அவருடைய கப்பலைத் தேடுவாரில்லை. ஒரு நாள் அதை விற்றுவிட்டு, ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு பழைய சைக்கிளோடு துறையில் வந்து இறங்கினார். சைக்கிள் ஓடப் பழகுவதற்கு அவருக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. அது கப்பலல்ல என்று ஒப்புக்கொள்ளத்தான் கடைசிவரை மனம் வரவில்லை.

சைக்கிள் ஸ்ராண்டில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "ஒற்றைக் கால்ல நிக்கிறதை நம்பி ஆராவது கப்பலை விட்டிட்டுப் போவானே?" என்பார். ஹாண்டிலில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் துளை போட்ட ஒரு முருகைக்கல். சங்கக்கடை வாசலில் இறங்கியதும் கல்லைத் தொப்பென்று நிலத்தில் போடுவார். சைக்கிள் பக்கவாட்டில் சரிந்து படுத்துவிடும். படுத்தாலும் இடத்தை விட்டு அசையாது என்பது அவருடைய வாதம். அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

செயினுக்கு எல்லோரும் எண்ணெய் விடுவார்கள். இவர் விட்டது சுறா எண்ணெய். மரக்கலத்துக்குப் பூசுவதை இரும்புக்குப் பூசினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டார். கெட்டது ஒன்றுமில்லை, ஊர்ப் பூனைகள் முழுவதும் அவருக்குப் பின்னால் ஓடின, அவ்வளவுதான். கரியரில் ஆளோ சாமானோ இல்லாத நாட்களில் இரண்டு பெரிய கல்லை வைத்துக் கட்டிக்கொண்டு புறப்படுவார். ஏனென்று கேட்டேன். "வெறுங்கப்பல் ஆடும் மாஸ்டர். அடியில பாரம் வேணும்." அந்தப் பாரத்தை மிதித்து உழக்க வேண்டியவர் தானே என்பதை அவர் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இதெல்லாம் சில்லறை. அவருடைய முழுப் பெருமையும் சோளகத்தில்தான் வெளிப்படும். வைகாசி பிறந்தால் நாலு மாதம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அது. எங்கள் தட்டைத் தீவில் அதைத் தடுக்கப் பனையைத் தவிர வேறு ஆளில்லை. அந்தக் காற்று முதுகில் இருந்தால் சைக்கிள் ஓடுவதுபோல் ஒரு சுகம் உலகத்தில் கிடையாது. உழக்கவே வேண்டாம். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சேட் முன்னால் புடைக்க, மணியை அடித்தபடி மாப்பிள்ளை மாதிரிப் போகலாம். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அறையும். மற்றவர்கள் குனிந்து உழக்குவார்கள், ஏலாவிட்டால் இறங்கி உருட்டுவார்கள். தண்டையலார் மட்டும் பாய்க்கப்பல் எதிர்க்காற்றில் ஓடுகிற மாதிரியே ஓடுவார். அதாவது, றோட்டின் இந்த வேலியிலிருந்து அந்த வேலிக்குக் குறுக்கே போய், அங்கே வெட்டித் திருப்பி, மறுபடி இந்த வேலிக்கு வருவார். ஒரு மைல் தூரத்தை இரண்டு மைலாக்கி ஓடுகிற வித்தை அது. நெடுந்தீவில் வாகனம் அருமை என்பதால் தப்பினார். தீவில் மேயும் மட்டக்குதிரைகள்கூடப் பழகிப்போய், அவருடைய தலை தெரிந்ததும் றோட்டை விட்டு இறங்கி நிற்கும்.

ஒருமுறை அதே வித்தையை ஊர்காவற்றுறையில் காட்டியிருக்கிறார். பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப்போனது. றைவர் தலையை நீட்டி, "ஐயா, ஒரு பக்கமாப் போங்கோவன்!" என்று கெஞ்சினார். தண்டையலார் நங்கூரத்தைப் போட்டுவிட்டு நிதானமாகத் திரும்பினார். "தம்பி, எஞ்சின் வைச்சிருக்கிறவன்தான் பாய்க்காரனுக்கு வழி விட வேணும். இது கடல் சட்டம்." பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் அன்றைக்குச் சட்டம் படித்தார்கள்.

இப்படிப்பட்டவருடைய கரியரில் என் வாழ்க்கையே ஏறி உட்கார வேண்டி வந்தது.

நான் அப்போது தற்காலிக ஆசிரியன். மூன்று வருடமாகத் தற்காலிகம். என்னை வளர்த்த உறவுக்காரர் வேலணையில் பெண் பேசியிருந்தார்கள். "நிரந்தர நியமனம் வரட்டும், பிறகு நாள் வைப்பம்" என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஒரு வழியாக யாழ்ப்பாணத்தில் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை பின்னேரம் இரண்டு மணி. காலை லோஞ்சை, அதாவது எஞ்சின் படகை, பிடித்தால்தான் கடலுக்கு அப்பால் குறிகட்டுவானில் இறங்கி பஸ் எடுக்கலாம். அன்று காலை பார்த்து என் சைக்கிளின் பின் ரயர் சப்பையாகக் கிடந்தது. துறை நாலு மைல், அதுவும் மேற்கே. வெளியே சோளகம் பேயாக அடித்தது.

"ஏறும் மாஸ்டர்" என்றார் தண்டையலார், கரியரிலிருந்து கல்லை இறக்கியபடி.

ஏறினேன். வேலிக்கு வேலி போனோம். ஒவ்வொரு வேலியிலும் என் நியமனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்தது. "அண்ணை, இண்டைக்கு மட்டும் நேரா விடுங்கோ அண்ணை!" என்று கத்தினேன். "காத்துக்கு நேர போனா கப்பல் நிண்டிடும். பேசாமல் இரும்" என்றார்.

துறைக்கு வந்தபோது லோஞ்ச் கயிறு அவிழ்த்து நூறு பாகம், அதாவது அறுநூறு அடி, போய்விட்டது. நான் சான்றிதழ்க் கட்டை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். தண்டையலார் லோஞ்சையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லோஞ்சுக்காரன் செல்லையா இந்தக் கடல்ல குறுக்க ஓட மாட்டான். தீவின்ர மறைவில, கரையோட கிழக்க வந்துதான் திருப்புவான். அங்க பழைய வள்ளத்துறையில மறிப்பம். ஏறும்!"

"அந்தத் துறை எங்கட வீட்டுக்குப் பக்கத்திலயெல்லோ அண்ணை! அங்கயே நிண்டிருக்கலாமே!"

"துறையில ஏறுறதுதான் மரியாதை" என்றார்.

இப்போது காற்று முதுகில். ஆனாலும் எஞ்சினோடு போட்டி. அடுத்து அவர் செய்ததை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும், கூடவே வேறொன்றும் வரும். ஊர்ச் சபைகளில் முன்வரிசையில் உட்காருகிற மனிதர், வேட்டியில் ஒரு சுருக்கு விழுந்தால் வெளியே வராதவர், நட்ட நடுத் துறையில் அந்த வேட்டியை உரிந்தார். கீழ் முனை இரண்டையும் கரியரில் முடிந்தார். மேல் முனை இரண்டையும் என் கைகளில் தந்தார். "விரிச்சுப் பிடியும். விட்டீரெண்டால் வேலை போச்சு!"

சான்றிதழ்க் கட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு பாய் பிடித்தேன். வேட்டிக்குள் போட்டிருந்த நீலக்கோட்டு அரைக் களுசானோடு தண்டையலார் உழக்கினார். சைக்கிள் பறந்தது. சத்தியமாகப் பறந்தது. கிணற்றில் தண்ணீர் அள்ளிய பெண்கள் வாளியைக் கைவிட்டார்கள். "தண்டையலாருக்கு என்னவோ பிடிச்சிட்டுது!" என்று ஒரு குரல் கேட்டது. அதற்குள் நாங்கள் அடுத்த வளவைத் தாண்டிவிட்டோம்.

பழைய துறைக்கு நாங்கள் வந்து சேர, லோஞ்ச் கரையோரமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. தண்டையலார் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார். "எடேய் செல்லையா! கரைக்கு அணையடா!" செல்லையா முன்பு அவருடைய கப்பலில் வேலை செய்தவன். எஞ்சின் இருந்தும் பயம் போகவில்லை. "ஓம் தண்டையல், வாறன்!" என்று திருப்பினான். நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடி ஏறினேன். மூச்சு வந்த பிறகுதான் பார்த்தேன், அவருடைய வேட்டி கரியர் முடிச்சு அவிழ்ந்து என் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. கரையில் அவர் கையை வீசி, "போம், போம்" என்று சைகை காட்டினார்.

அவர் வீடு போனதைப் பிறகு பலர் எனக்கு விவரித்தார்கள். வீடு பக்கத்தில்தான், ஆனால் மேற்கே. எதிர்க்காற்று. நேரே ஓடியிருந்தால் கொஞ்சப் பேர்தான் பார்த்திருப்பார்கள். அவர் முறைப்படி வெட்டி வெட்டி ஓடியதால் இரண்டு பக்கத்து வேலிக்காரரும் கிட்ட நின்று பார்த்தார்கள்.

நான் உப்புப் பூத்த களுசானோடு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். பின்னாளில் நியமனம் கிடைத்தது, பெண்ணும் கிடைத்தது. ஆனால் முடிவு தெரிய முன்பே, லீவில் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டு, அந்த வாரம் சனிக்கிழமை காலை லோஞ்சில், தோய்த்து மினுக்கிய வேட்டியோடு நெடுந்தீவுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தண்டையலார் முற்றத்தில் ரயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்கட வேட்டி..."

"அதைக் கதிரையில வையும். என்ன கேட்டவை? வடிவாச் சொன்னனீரோ?"

பம்பைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் குந்திவிட்டார். ஒவ்வொரு கேள்வியையும் சொன்னேன், ஒவ்வொரு பதிலையும் சொன்னேன். குசினியிலிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும் பின்னேர லோஞ்ச் வாற நேரம் துறைக்குப் போய் நிண்டவர், தம்பி. சனம் சிரிக்குது, போகாதேங்கோ எண்டு சொன்னனான். கேக்கேல்லை. நீர் எப்பிடிச் செய்தீரோ எண்டு அறிய வேணுமாம்."

துறைக்கு நாலு மைல், முழுவதும் எதிர்க்காற்று. அவர் ஓடுகிற ஓட்டத்தில் அது எட்டு மைல். என்னை வளர்த்தவர்கள்கூட எனக்காக அவ்வளவு தூரம் வந்ததில்லை.