தொண்ணூற்றிரண்டு கிராம்

பெட்டிக்குள்ள காலி இடம் இருந்தா அதுல எதையாவது வைக்கணும்னு மனுஷனுக்குத் தோணும். லேத்துக்காரருக்கும் தோணுச்சு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. தப்பு எங்க நடந்துச்சுன்னா, அதுக்கு அனுமதி கேட்கப் போனாரு பாருங்க, அங்கதான்.

பகல் முழுக்க பட்டறையில இரும்பைக் கடைவாரு. சாயங்காலம் கையைக் கழுவிட்டு அமெச்சூர் ரேடியோ முன்னாடி உட்காருவாரு. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினவரு. கையில தூக்கிட்டுப் போற சின்னப் பெட்டிதான், ஆனா சிற்றலையில ஏழு கடல் தாண்டிப் பேசும். எங்கயோ ஒரு தீவுல இருக்குற மீன்காரரு தினமும் இவருக்கு வணக்கம் சொல்வாரு. ஜன்னலைத் திறந்தா எதிர்ல தெரியுற மலையில இருக்குற சொந்த அக்காகிட்ட மட்டும் பேச முடியாது.

அக்கா மலை ஆஸ்பத்திரியில நர்ஸ். அங்க போன் எடுக்காது. மாமா தவறினதுக்கு அப்புறம் ஒத்தையா இருக்கா. மாமா வச்சிருந்த ரேடியோ கைப்பெட்டியை எடுத்துக்கிட்டு, லைசென்ஸும் வாங்கிட்டா. ஆனா அது வி.எச்.எஃப். பேண்டுல மட்டும்தான் பேசும். தம்பி பெட்டியில அந்த பேண்டு இல்ல. ஒரு நாள் பால் வண்டியில சீட்டு எழுதி அனுப்பினா: "தம்பி, தினம் ஆறு மணிக்குப் பெட்டியை ஆன் பண்ணி வச்சிருப்பேன். ரொம்பப் பேச வேணாம். உன் குரல் கேட்டாப் போதும்."

தம்பி பெட்டிக்குள்ள, வி.எச்.எஃப். மாட்யூல் வாங்கிச் சொருகிக்கலாம்னே கம்பெனிக்காரன் ஒரு இடம் விட்டிருந்தான். மாட்யூலும் வந்துச்சு. அக்கா சீட்டுக்குக் கீழ எழுதியிருந்த அலைவரிசை எண்ணையும் குறிச்சுக்கிட்டு, பெட்டியையும் மாட்யூலையும் தூக்கிட்டு லைசென்ஸ் ஆபீசுக்குப் போனாரு.

அதிகாரி மாட்யூலைத் தொடல. பக்கத்துல இருந்த தராசைக் காட்டினாரு.

"வைங்க."

"சார், இது அலைவரிசை சம்பந்தப்பட்டது."

"அலைவரிசை மீட்டர் பழுது பார்க்கப் போயிருக்கு. ஏழு வருஷமாச்சு. தராசு நல்லா இருக்கு. ஒரு பெட்டி அதே பெட்டிதானான்னு நாங்க எடையை வச்சுத்தான் பார்க்குறோம்."

லைசென்ஸ் புத்தகத்துல பெட்டியோட எடை ஆயிரத்து நூத்தி நாற்பது கிராம். மாட்யூல் தொண்ணூற்றிரண்டு.

"மேற்படி தொண்ணூற்றிரண்டு கிராம் சேர்ந்தா இது மேற்படி பெட்டி இல்ல. உரிமம் பெறாத வேறொரு பெட்டி. அதைக் கையில வச்சிருந்தா குற்றம்."

"இப்பவே கையிலதானே சார் வச்சிருக்கேன்?"

"தனித்தனியா வச்சிருக்கீங்க. அதனால பேசிக்கிட்டு இருக்கேன்."

லேத்துக்காரரு யோசிச்சாரு. "அப்ப தொண்ணூற்றிரண்டு கிராமைக் குறைச்சுட்டு வந்தா?"

அதிகாரி முகத்துல முதல் தடவையா ஒரு மரியாதை வந்துச்சு. "பேட்டரியைக் கழட்டிடுங்களேன். நூத்தம்பது கிராம் சுளையா குறையும்."

"கழட்டினா பேசாதே சார்."

"பேசுறதும் பேசாததும் உங்க சொந்த விருப்பம். அதுல ஆபீஸ் தலையிடாது."

வேற ஆளா இருந்தா சண்டை போட்டிருப்பான், இல்ல தலையில அடிச்சுக்கிட்டுப் போயிருப்பான். ஆனா ஒரு லேத்துக்காரரைப் பார்த்து எடையைக் குறைன்னு சொல்றது, ஆட்டைப் பார்த்து இலையைத் தின்னுன்னு சொல்ற மாதிரி. பட்டறைக்குப் போனவரு மூடியை மெலிசாக்கினாரு. திருகாணியோட தலையைக் கடைஞ்சாரு. கைப்பிடியைக் கழட்டிட்டுப் போனப்ப, கைப்பிடி இல்லாத பெட்டி 'எடுத்துச் செல்லும் பெட்டி' ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சரின்னு கைப்பிடியை மாட்டி, அதைக் குச்சி மாதிரி இழைச்சாரு. அப்பவும் எட்டு கிராம் இடிச்சுது. மூடி முழுக்க வட்ட வட்டமா ஓட்டை போட்டாரு. பார்க்க அழகாவே இருந்துச்சு.

மூணாம் மாசம் தராசு முள்ளு ஆயிரத்து நூத்தி நாற்பதுல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. அதிகாரி எழுந்து நின்னு கை குலுக்கினாரு. கம்பியைச் சுத்தி, ஈய முத்திரையை வச்சு நசுக்கி, கடைசி எடை எழுதத் தராசுல வச்சாரு.

ஆயிரத்து நூத்தி நாற்பத்தொன்பது.

ரெண்டு பேரும் குனிஞ்சு முள்ளைப் பார்த்தாங்க.

"முத்திரை ஒன்பது கிராம் சார்," என்றாரு லேத்துக்காரரு.

"தெரியுது. முத்திரை இல்லாம இது வெளிய போக முடியாது. முத்திரையோட போனா இது வேற பெட்டி."

"இதுக்கு முன்னாடி முத்திரை போட்டதெல்லாம்?"

"அதுக்கு அப்புறம் யாரும் நிறுக்கல." அதிகாரி குரலைத் தாழ்த்தினாரு. "இந்தக் கணக்குப்படி பார்த்தா நாட்டுல இருக்குற அத்தனை பெட்டியும் வேற பெட்டி."

இந்த இடத்துல லேத்துக்காரரு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "ஈயத்தை நான் வேணா மெலிசா கடைஞ்சு தரட்டுமா சார்?"ன்னு கேட்டாரு.

அன்னையில இருந்து அவருக்கு ஆபீசுல ஒரு நாற்காலி. பலகையில 'முத்திரை இலகுவாக்கல் கௌரவ ஆலோசகர்'னு எழுதி வச்சாங்க. பட்டறையில இருபது வருஷமா ஸ்டூல்ல உட்கார்ந்தவரு, முதுகு சாய்ஞ்ச நாற்காலியில உட்கார்ந்ததும் கழுத்து தானா நிமிர்ந்துச்சு. முத்திரை ரெண்டு கிராமுக்கு இறங்குச்சு. தன் பெட்டியில இன்னும் ரெண்டு கிராமைச் சுரண்டினாரு. அனுமதியும் கிடைச்சுது.

ஊர்ல இது ஒரு மோஸ்தர் ஆயிருச்சு. ரேடியோ வச்சிருக்குறவங்க எல்லாம் ஓட்டைப் பெட்டி கேட்டாங்க. மாட்யூல் போடாதவனும் ஓட்டை போட்டான். கடைக்காரங்க ஓட்டை போட்ட கைப்பை வித்தாங்க. ஓட்டை போட்ட குடை கூட வந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு நனைஞ்சு போறவங்களை, குடையே இல்லாதவங்க ஏக்கமா பார்த்தாங்க.

ஆலோசகரோட யோசனைப்படி, எல்லாப் பெட்டியையும் கொண்டுவந்து மறு எடை போடணும்னு நோட்டீஸ் போச்சு. கீழே அவரோட கையெழுத்து. வரிசை தெரு முனை வரைக்கும் நீண்டுச்சு. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கூட்டம் அதிகம். அனுமதி வாங்கின அவரோட பெட்டி, மேசைக்கு அடியில துணி மூடி இருந்துச்சு. ஆறு மணி அடிக்கிறப்ப அவரு கால் அதுல இடிக்கும். நாளைக்குப் பேசிக்கலாம்னு நினைச்சுக்குவாரு. மலை எங்க போயிடப் போவுது?

ஒரு நாள் வரிசையில ஒரு கை, தேய்ஞ்சு போன ஒரு கைப்பெட்டியைத் தராசுல வச்சுது. ஆலோசகரு முள்ளைப் பார்த்தாரு. இப்பல்லாம் அவரு முள்ளை மட்டும்தான் பார்ப்பாரு.

"பதினாலு கிராம் கூடுது."

அந்தக் கை பெட்டியை விடல.

"கையை எடுங்கம்மா. பெட்டி மேல கையை வச்சா எடை எப்படிச் சரியா வரும்? மேற்படி பெட்டியை மறுபடி முறையா வைங்க."

கை அங்கயே இருந்துச்சு. மருந்து வாசனை அடிச்சுது.

"எட்டு மாசமா ஆறு மணிக்கு ஆன் பண்ணி வச்சேன்டா தம்பி," என்றா அக்கா. "நோட்டீஸ்ல உன் கையெழுத்தைப் பார்த்தேன். நீ நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுச்சு. குரலைக் கேட்டுட்டுப் போயிடலாம்னு மலையிறங்கி வந்தேன். கேட்டுட்டேன்."

அவரு தலையைத் தூக்கினாரு. வாயைத் திறந்தாரு. வார்த்தை வெளிய வர்றதுக்குள்ள, பின்னாடி ஓட்டைக் குடையோட நின்னவரு கத்தினாரு:

"ஏம்மா, பேச்சை வெளிய வச்சுக்குங்க. இங்க ஊரே பேசுறதுக்கு அனுமதி வாங்க நிக்குது."