மங்களத்துக்கு ஒரு நோய் வேண்டும்

கோலாலம்பூரிலிருந்து இரண்டரை மணி நேரம் ஓடி வந்த மகனின் காடி, பெற்றவள் வீட்டைத் தாண்டி, நாலு வீடு தள்ளிப் போய் நின்றது. இது ஐந்தாவது சனிக்கிழமை.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மங்களம் குழாயைத் தன் காலிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பாதம் நனைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"பாத்தீங்களா? பெத்தவ நிக்கிறது கண்ணுக்குத் தெரியல. நேரா அத்தை வீட்டுக்கு!"

பழனியப்பன் பேப்பரை இறக்கவே இல்லை. "கலாவுக்குக் கால்ல புண்ணு. பையன் பாத்துட்டு வரட்டுமேலா."

"எனக்கும்தான் கால் இருக்கு!"

"புண்ணு இல்லையே மங்களம்."

அங்கேதான் இருந்தது வினை. பழனியப்பனின் தங்கை கலாதேவிக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. குதிகாலுக்குப் பின்னால் பட்ட சின்னச் சிராய்ப்பு ஆறாமல் புண்ணாகிவிட்டது. புந்தோங் ஊரே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறது. வாசலில் எந்நேரமும் பத்து ஜோடி செருப்பு, மேசை மேல் ஆரஞ்சு, கோழிச் சாறு போத்தல், மைலோ டின்.

மங்களமோ ஆயர் தாவார் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய உடம்பு. கையுறை ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவள், ஒரு நாள் எம்.சி. லீவு எடுத்ததில்லை. அவள் ஷிஃப்டுக்குப் போன நாட்களில் குழந்தை சுரேன் வளர்ந்தது பிள்ளையில்லாத கலாதேவியின் மடியில். முதலில் 'அத்தை' என்றுதான் பேசினான். அந்தச் சிலாம்பு இருபத்தெட்டு வருஷமாக மங்களத்தின் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

ஈரக் காலோடு அவளும் நாலு வீட்டைக் கடந்து போனாள்.

கலாதேவி காலை நீட்டிக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கிளினிக்கிலிருந்து சனிக்கிழமைதோறும் கட்டு மாற்ற வருகிற நர்ஸ், மிஸ்ஸி சுவர்ணா, கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுரேன். வைத்த தோசை வைத்தபடி ஆறிக் கிடந்தது. உள்ளங்கை வேர்வையைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்து அங்கே ஈரக் கறை விழுந்திருந்தது.

"என்னடா இப்படி இளைச்சுட்டே?"

"தூக்கமே வரலம்மா. பசியும் இல்ல."

கலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்காக உருகுறான் அண்ணி. நான் பெறாத பிள்ளை!"

மங்களம் வீடு திரும்பினாள். அன்று அவள் சம்பல் இடித்த இடியில் பழனியப்பன் பேப்பரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

தனக்கும் ஒரு நோய் வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். பெரிதாக வேண்டாம். மகன் ஓடிவரும் அளவுக்கு இருந்தால் போதும்.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போனாள். அதே சுவர்ணாதான் ரத்த அழுத்த மிஷினின் பட்டையைக் கையில் சுற்றினாள்.

"நூத்திப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. சூப்பர்லா ஆண்ட்டி! இருபது வயசுப் புள்ளைக்கு இருக்கிற மாதிரி இருக்கு."

மங்களத்தின் முகம் சுருங்கியது. "மிஷின் பழசாம்மா?"

"புதுசு ஆண்ட்டி."

"இனிப்புநீரு?"

விரலில் குத்திப் பார்த்தாள் சுவர்ணா. "இல்ல."

"கொஞ்சம்கூடவா இல்ல?" மார்க்கெட்டில் விலை பேசுகிறவள் மாதிரி கேட்டாள் மங்களம். "நல்லாத் தேடிப் பாரும்மா."

புதன்கிழமை தயாராகப் போனாள். வழியில் மூன்று கிளாஸ் கட்டிக் கோப்பி குடித்தாள். கிளினிக் படியில் நாலு தடவை ஏறி இறங்கினாள். அதெல்லாம் வேண்டியதே இல்லை, பாவம். நாற்காலியில் உட்கார்ந்து 'நான் பெறாத பிள்ளை' என்று ஒரே ஒரு தடவை நினைத்தாள், மிஷின் துள்ளியது.

"நூத்தி எழுபத்திரண்டா! ஆண்ட்டி, என்ன பண்ணுது?"

"நெஞ்சு படபடன்னு அடிக்குது. கை வேர்க்குது. சோறு இறங்கல. பெரிய நோயாம்மா?" குரலில் அப்படி ஒரு ஆசை.

சுவர்ணா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எதுத்தாப்புல புலி வந்தா உடம்பு என்ன பண்ணும் ஆண்ட்டி? ஓடணும், இல்ல சண்டை போடணும். அதுக்குத்தான் நெஞ்சு வேகமா அடிச்சு ரத்தத்தைக் கை காலுக்கு அனுப்பும். வயிறு வேலைய நிறுத்திக்கும், பசிக்காது. புலி போயிட்டா எல்லாம் அடங்கிடும். அது நோய் இல்ல. ஆனா புலி போகாம தினமும் வாசல்லயே உக்காந்துக்கிட்டா, உடம்பு அசந்து போயி நெஜமாவே ரத்தக் கொதிப்பு, டாரா திங்கி வந்துடும்."

"புலி நாலு வீடு தள்ளி இருந்தா?"

சுவர்ணா சிரித்துவிட்டாள். "உடம்புக்கு வித்தியாசம் தெரியாது ஆண்ட்டி. பயமோ, பொறாமையோ, ஒருத்தர் மேல ஆசையோ, எல்லாத்துக்கும் இதே மாதிரிதான் அடிச்சுக்கும்." சொல்லிவிட்டுக் குனிந்து, கார்டில் மளமளவென்று எழுதினாள்.

டாக்டர் இரண்டு வாரம் ஓய்வு, டென்ஷன் கூடாது என்றார். மங்களம் காதில் நாதஸ்வரம் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் தலைமாட்டு மேசையைத் துடைத்து, மைலோ டின்களுக்கு இடம் ஒதுக்கி வைத்தாள்.

பழனியப்பன்தான் டாக்டர் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கேட்டைப் பூட்டினார். 'நோயாளி ஓய்வில் இருக்கிறார், தொந்தரவு செய்யாதீர்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். ஆரஞ்சுப் பையோடு வந்த நாலு பேர் அட்டையைப் படித்துவிட்டு, அதே பையை எடுத்துக்கொண்டு கலாதேவி வீட்டுக்கு நடந்தார்கள். குழம்பில் உப்புப் போடுவது நின்றது. ஃபார்மசியில் மிஷின் ஒன்று வாங்கி வந்து மணிக்கொரு தரம் அவள் கையை இறுக்கினார்.

"நூத்தி அறுபது. டென்ஷன் ஆவாதே மங்களம்."

"கேட்டைத் திறங்க!"

"இப்ப நூத்தி அறுபத்தெட்டு."

வெள்ளிக்கிழமை மகன் போன் செய்தான். மங்களம் குரலைத் தளர்த்திக்கொண்டு, "கண்ணு..." என்றாள்.

"அப்பா சொன்னாரும்மா. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. நான் வந்தா எழுந்து சமைக்க ஆரம்பிச்சிடுவீங்க. இந்த வாரம் ராத்திரியும் அத்தை வீட்டுலயே தங்கிக்கிறேன்."

அன்று சாயங்காலம் கலாதேவி தன்னிடம் குவிந்திருந்ததில் ஆறு மைலோ டின்களைப் பழனியப்பனிடம் கொடுத்தனுப்பினாள். 'அண்ணி கவலைப்பட வேண்டாம், சுரேனை நான் பாத்துக்கிறேன்' என்று சேதியும் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மங்களம். காடி வந்தது. வேகம்கூடக் குறையாமல் வீட்டைக் கடந்தது. அவள் கண் இருட்டியது. இந்தத் தடவை கோப்பியும் இல்லை, படியும் இல்லை. பழனியப்பன் ஓடிவந்து கட்டிலில் படுக்க வைத்து மிஷினைச் சுற்றினார். நூற்றுத் தொண்ணூற்றாறு.

"ஐயோ, மங்களம்!" அவர் குரல் உடைந்ததை முப்பது வருஷத்தில் அன்றுதான் கேட்டாள். நோய் என்றால் என்னவென்று அவளுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

அவர் கேட்டைத் திறந்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டார். கட்டு மாற்றிக்கொண்டிருந்த சுவர்ணா போட்டது போட்டபடி ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே, செருப்புகூடப் போடாமல், சுரேன்.

"அம்மா! அம்மா, என்னம்மா!"

கட்டிலோரம் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான் மகன். அந்த ஈர உள்ளங்கை பட்டதும் மங்களத்தின் மூச்சு நிதானத்துக்கு வந்தது. அத்தைக்கு வேர்த்த பிள்ளைக்கு அம்மாவுக்கும் வேர்க்கிறதே!

"வந்துட்டியா கண்ணு? இனிமே அத்தை வீட்டுக்குப் போக மாட்டியே?"

சுரேன் சுவர்ணாவைப் பார்த்தான். சுவர்ணா தன் மிஷினின் பட்டையை மங்களத்தின் கையில் சுற்ற முயன்றாள். அது நிற்கவில்லை, நழுவியது. மறுபடி சுற்றினாள். மறுபடி நழுவியது. பட்டை முழுக்க ஒரே உதறல்.

"பாரும்மா, எப்படி நடுங்குதுன்னு," என்றாள் மங்களம் மெல்லிய குரலில். "ஒளிக்காம சொல்லு. எனக்கு என்ன நோய்?"

சுரேன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடுங்குறது உங்க கை இல்ல ஆண்ட்டி, என் கை. கலா ஆண்ட்டி புண்ணு ஆறி மூணு வாரமாச்சு. நானும் இவரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறதுக்காகத்தான் சும்மா கட்டு மாத்திக்கிட்டு இருக்கோம்."