பயம் பிடித்த பெண்களும் இதயம் உள்ள ஆண்களும்

பெரு நாட்டு வாங்காயோவின் ஞாயிற்றுச் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்க இருபது பேர் நின்றால், நாட்டு வைத்தியர் தோன் மார்சியாலின் கூடாரத்து முன் இருநூறு பேர் நின்றார்கள். முயல்குட்டி அளவுள்ள உயிருள்ள கினிப்பன்றியை நோயாளியின் உடம்பில் தேய்ப்பார். பிறகு அறுத்து, அதன் குடலில் நோயைப் படிப்பார். வர முடியாதவர்கள் உடுத்திய துணியை அனுப்பினாலும் போதும். கினிப்பன்றியைத் தவிர யாருக்கும் குறை கிடையாது.

நெலிதா கூடார வாசலிலேயே நின்றாள். அவள் மாலை வகுப்பில் செவிலியர் படிப்பு படிப்பவள். பகலில், பெண்களின் இதய நோய் பற்றிய ஆஸ்பத்திரி ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் வேலை. ஆய்வுக்கு வராத பெண்களெல்லாம் இங்கேதான் இருந்தார்கள். வெளியே வந்தவர்களிடம் ஐயா என்ன நோய் சொன்னார் என்று கேட்டு நோட்டில் குறித்தாள். பெண்கள் நாற்பத்தொரு பேர்: அத்தனை பேருக்கும் பயம் பிடித்திருக்கிறது. ஆண்கள் ஒன்பது பேர்: அத்தனை பேருக்கும் இதயம், உடனே ஆஸ்பத்திரி. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். அதேதான். போன வருடம் கூடாரத்தில் ஓர் ஆண் செத்துப்போய்ப் போலீஸ் வந்திருந்தது. பெண் செத்தால் பயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்; அதற்கெல்லாம் போலீஸ் வராது.

கிழங்கு விற்கும் எவரிஸ்தாவுக்குத் தாடை வலி, முதுகு வலி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கல்.

"நெஞ்சு வலிக்கலையேடி, அப்புறம் எப்படி இதயம்? ஐயாவே பயம்னுட்டார்."

"பொம்பளைங்களுக்கு இப்படியும் வரும்க்கா. ஒரு சோதனை பண்ணுவோம். நான் தோத்தா இனிமே வாயே திறக்கமாட்டேன். ஐயா தோத்தா இன்னைக்கே ஆஸ்பத்திரி."

"நீ வாயை மூடுறதுக்காகவே சம்மதிக்கிறேன்."

காலைக் குளிருக்கு எவரிஸ்தா தன் சால்வையும், அதன்மேல் கணவனின் போஞ்சோக் கம்பளிப் போர்வையும் போட்டிருந்தாள். இரண்டையும் கழற்றினார்கள். கணவன் ஹசிந்தோ போஞ்சோவோடு உள்ளே போனான். பின்னாலேயே நெலிதாவும் போனாள்.

"என் தம்பியோடது ஐயா. தாடை வலி, முதுகு வலி, மூச்சு வாங்குது" என்றான் ஹசிந்தோ.

தேய்ப்பு, அறுப்பு. தோன் மார்சியால் அலறினார்: "இதயம்! குழாய் அடைச்சிருக்கு! நிக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு!"

நெலிதா சால்வையை நீட்டினாள். "என் அக்காவோடது ஐயா. தாடை வலி, முதுகு வலி, மூச்சு வாங்குது."

"பயம் தாயி. எங்கேயோ நாய் குரைச்சிருக்கு. இன்னும் மூணு வாட்டி தேய்க்கணும்."

நெலிதா இரண்டு துணிகளையும் ஒன்றாகத் தூக்கிப் பிடித்தாள்.

"ஐயா, ரெண்டும் ஒரே உடம்புல இருந்து இப்பத்தான் கழட்டினது. எவரிஸ்தா அக்கா, கையைத் தூக்குங்க!"

வாசலில் நின்ற எவரிஸ்தா தூக்கினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"ரெண்டாவது கினிப்பன்றி தூக்கக் கலக்கத்துல இருந்திருக்கும்" என்றார் தோன் மார்சியால்.

"அறுத்த பிறகுமா?" என்று வெங்காயக்காரி கத்தினாள். சந்தையே சிரித்தது. வரிசை கலைந்தது.

ஆஸ்பத்திரியில் எவரிஸ்தா தன் வலிகளைச் சொன்னபோது இளம் டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. "டென்ஷன்மா. நல்லாத் தூங்குங்க."

நெலிதா தயங்கினாள். இவர் படித்தவர் ஆயிற்றே, தான்தான் தவறோ? இருந்தாலும் கேட்டாள்: "டாக்டர், இவங்க வீட்டுக்காரர் வந்து இதையே சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஈ.சி.ஜி. எடுப்பேன்."

"அதையே எடுங்க."

எடுத்தார். முகம் வெளுத்தது. அன்று மாலையே எவரிஸ்தாவின் இதயக் குழாய் அடைப்பை நீக்கினார்கள். நாலு நாளில் எழுந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் திட்டினாள்.

ஆண் என்றால் பரிசோதனை, பெண் என்றால் பயம் என்று தீர்ப்புச் சொல்பவர் கூடாரத்தில் உட்கார்ந்தால் என்ன, வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்தால் என்ன? எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். கேட்க மூளை இருக்கிறது. அதைப் பயன்படுத்த யாரையும் அறுக்க வேண்டியதில்லை.