மூன்று லேப்பும் ஓர் எடைக்கல்லும்

முதல் லேப் 4.9 என்றது. இரண்டாவது 7.2 என்றது. மூன்றாவது 5.6. நாலரையைத் தாண்டினாலே தைராய்டு மந்தம் என்று கணக்கு. தைராய்டு ரிப்போர்ட்டுகளை மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்து, முத்திரை ஆய்வாளர் அம்மா மூன்றையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். ஒரே சாமானுக்கு மூன்று தராசு மூன்று எடை காட்டினால் அவருக்குச் சோறு இறங்காது. இப்போது சாமானே அவர்தான்.

ஆறு மாதமாக ஓயாத அசதி. சீப்பு நிறைய முடி. "உங்க உடம்பே உங்க தைராய்டை எதிரியா நினைக்குதோன்னு ஒரு சந்தேகம்," என்றிருந்தார் டாக்டர். "இருக்கலாம். இல்லாமலும் போகலாம். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம். இருந்துச்சுன்னா ஆயுசுக்கும் மாத்திரை."

"நோய்னு சொன்னா நோய்க்கு வைத்தியம் பார்ப்பேன். இல்லைன்னா என் வேலையைப் பார்ப்பேன். இப்படி அந்தரத்துல தொங்கறதுதான் பயமா இருக்கு," என்றார் அம்மா, கணவரிடம்.

"ம்," என்றார் கணவர், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே.

அந்த "ம்"மில் அம்மாவுக்குப் பொறி தட்டியது. தராசு மேல் சந்தேகம் வந்தால், குற்றம் குறை இல்லாத எடைக்கல்லை வைத்துப் பார்ப்பதுதானே முறை? வீட்டிலேயே ஒரு கல் இருந்தது. இருபது வருடத்தில் மனுஷர் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. கோபம் கிடையாது, அவசரம் கிடையாது. உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம், படுத்தால் பத்து மணி நேரத் தூக்கம். அந்த உடம்பில் அம்மாவுக்கு உள்ளூரப் பெருமை.

"நாளைக்கு நீங்களும் ரத்தம் குடுக்கறீங்க."

"எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அதுக்குத்தான்."

முதல் லேப் கணவருக்கு 41 என்றது.

"உங்க மெஷின் கெட்டுப்போச்சு," என்றார் அம்மா.

"காலையிலதான் சரிபார்த்தோம் மேடம்."

"கல்லு மாதிரி நிக்கிறாரே, இவருக்கா நாப்பத்தொண்ணு?"

கணவர் நிற்கவில்லை. நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது லேப் 39. மூன்றாவது 40. எண்கள் ஒத்துப்போனதும் அம்மாவின் சந்தேகம் இன்னும் வலுத்தது. சந்தையில் எல்லாக் கடைக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு ஒரே அளவு எடை குறைப்பதை அவர் பார்க்காததா? மூன்று லேப்புக்கும் மூன்று புகார் எழுதினார். லேப்காரர்கள் டாக்டரிடம் போய்ப் புலம்பினார்கள். டாக்டர் இருவரையும் வரச் சொன்னார்.

"இந்தத் தராசுகளை நம்பி நான் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணுமா? என் எடைக்கல்லை வெச்சே சோதிச்சாச்சு டாக்டர். மூணும் கோளாறு," என்று ஆறு ரிப்போர்ட்டையும் நீட்டினார் அம்மா.

டாக்டர் நிதானமாகப் படித்தார். கணவரின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். முழங்காலில் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு மருந்துச் சீட்டை எழுதினார்.

"உங்களுக்கு அவசரமே இல்லம்மா. மூணு மாசம் பார்ப்போம்."

அம்மாவுக்கு மனசு லேசானது. "அப்போ அந்தச் சீட்டு யாருக்கு?"

கணவரின் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்த நர்ஸ் சொன்னாள்:

"தராசு மூணும் நல்லாத்தான் இருக்கு மேடம். உங்க எடைக்கல்லுதான் ரிப்பேர்."