அட்டைவாய் முனி

பேயின் கழுத்தில் யாரோ மாலை போட்டிருந்தார்கள்.

பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்த சுதர்ஷினி வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள். நேற்றுப் பின்னேரம் தோட்டத்து லய வீட்டு வரிசையின் கடைசிச் சுவரில் அவள் ஒட்டிய பேய் அது. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒன்றாக ஒட்டி, அடுப்புக்கரியால் ஆளுயரத்துக்கு வரைந்தது. சிறுத்தை உடம்பு. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மாதிரி முறுக்கிய விரல்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக, இரத்தம் குடிக்கிற ஓர் அட்டையின் வாய்.

டென்மார்க்கில் சீட்டு விளையாட்டுகள் தயாரிக்கிற ஹென்ரிக் என்பவர் கேட்ட உருவம். எதை வரைந்தாலும் சுதர்ஷினி முதலில் இப்படிப் பெரிதாக வரைந்து, குழாயடிக்குப் போய் நின்று பார்ப்பாள். மஸ்கெலியாப் பனிக்குள்ளும் அது இன்னதென்று தெரிந்தால்தான் உள்ளங்கை அளவுச் சீட்டிலும் தெரியும். வண்ணமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்குள்ளேயே ஒட்டியிருப்பாள். அண்ணன் கணேசமூர்த்தி விடவில்லை.

"பேய வரைஞ்சு வீட்டுக்குள்ள வச்சா வெளங்குமா? வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த வெள்ளக்காரன் சரின்னு சொல்லணும். இல்லாட்டி எல்லாத்தையும் கிழிச்சி அடுப்புல போட்டுட்டு, ஒன்னய கொழும்புல வெள்ளவத்தை புடவைக் கடையில வேலைக்குக் கொண்டுபோய் விட்டுருவேன்!"

கத்தித்தான் சொன்னான். மெதுவாகச் சொல்லியிருந்தாலும் ஒன்றுதான். லயத்தில் முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் 'நூறு' என்பார்கள்.

பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கூடையோடு வந்தார்கள். முன்னால் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா. படத்தின் முன்னே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பேச்சிக்கா, அது சாமி இல்ல, அது வந்து..."

"வாயக் கழுவுடி! முனியப் பாத்துப் பேசுற பேச்சா இது?"

"முனியா?"

"பின்ன? அட்டைவாய் முனி. இனிமே என் கால்ல ஒரு அட்ட ஏறட்டும், பாத்துக்கிறேன்!"

சுதர்ஷினி அவசரத்தில் மாலையோடேயே படம் பிடித்து அனுப்பிவிட்டாள். ஹென்ரிக் வீடியோவில் வந்தார்.

"உடம்பு அபாரம், சுதர்ஷினி. ஆனால் பூவெல்லாம் போட்டு அன்பாக நிற்கிறதே! பார்த்ததும் ஆள் நடுங்க வேண்டும்."

மாலையைக் கழற்றினாள். வாயைச் சுற்றி உள்ளும் புறமுமாகப் பற்களை அடுக்கினாள். அவள் கரியைப் பிடித்தால் ஒரு கோட்டை இரண்டாம் முறை தொடுவது கிடையாது. குழாயடியிலிருந்து பார்த்தபோது அவளுக்கே முதுகு சிலிர்த்தது.

விடிந்து பார்த்தால் பல்லுக்குப் பல் ஆணியில் குத்திய எலுமிச்சம்பழம்.

"இது பழம் தின்கிறதா?" என்றார் ஹென்ரிக்.

பழங்களைப் பிடுங்கிவிட்டு இன்னும் ஆறு கைகள் போட்டாள். மறுநாள் எல்லாக் கைகளிலும் ஆணியடித்துத் தொங்கவிட்ட கண்ணாடி வளையல். உடம்பெல்லாம் கண்கள் வைத்தாள். கண்ணுக்குக் கண் குங்குமப் பொட்டு, காலடியில் வாழை இலையில் பொங்கல்.

"கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கிறது," என்றார் ஹென்ரிக் வருத்தமாக.

வெள்ளிக்கிழமையும் வந்தது. கணேசமூர்த்தி அவளுடைய உடுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். சுதர்ஷினி சுவருக்கு எதிரே கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்க வேண்டும். நல்ல கைதான் உங்களுக்கு. ஆனால் இதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? நான் வேறு ஆளை..."

அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை கணேசமூர்த்திக்கு. விறுவிறுவென்று போய்த் தாளின் நுனியைப் பிடித்தான். தடுக்க ஓடிய சுதர்ஷினி கைபேசியோடு சுவரோரமாக அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"தொடு!" என்றாள் பேச்சியம்மா. எங்கிருந்து வந்தாளோ, கையிலிருந்த தட்டில் கற்பூரம் எரிந்தது. பின்னால் பெண்கள் கூட்டம். "தொட்டுத்தான் பாரேன் தம்பி! காளியாயி புருசன் இவரப் பாத்து வெரல் நீட்டிப் பேசுனான். வாய் கோணிக்கிச்சு!"

"இன்னும் கஞ்சிகூட எறங்கல," என்றாள் காளியாயி.

கணேசமூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாளும் அவன் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. கற்பூரச் சுடர் ஆட ஆட, கண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. விரல்கள் மடங்கின. அந்த வட்ட வாய் அவன் தலையளவுக்கு விரிந்தது.

தோளிலிருந்த பை சாக்கடைக் கானுக்குள் உருண்டது. தாளை விட்டுவிட்டு அவன் மண்டியிட்டுக் கும்பிட்டான்.

"அப்பா முனியப்பா! தெரியாமப் பண்ணிட்டேன்!"

"அசையாதீர்கள்!" ஹென்ரிக் கத்தினார். "அந்த மனிதரின் முகம்! இதுதான்! இதைத்தான் கேட்டேன்! வளையல், பொட்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும். இனிமேல் எங்கள் பேய்கள் எல்லாம் உங்கள் கையால்தான், சுதர்ஷினி."

கணேசமூர்த்தி எழுந்து நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டான்.

"தங்கச்சி, நீ எங்கயும் போவேணாம். ஒக்காந்து வரை. மொதல்ல இவரு நனையாம மேல ஒரு தகரம் போடணும்," என்று சொல்லிவிட்டு, முனிக்கு உடைக்கத் தேங்காய் வாங்கக் கடைக்கு ஓடினான்.

சுதர்ஷினிக்குச் சந்தோஷத்தைவிடக் குற்ற உணர்ச்சிதான் பெரிதாக இருந்தது. பேச்சியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க பேச்சிக்கா. சத்தியமா அது சாமியே இல்ல. வெளையாட்டுக்கு நான் வரைஞ்ச பேய்தான்."

பேச்சியம்மா கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தாள்.

"அது எங்களுக்கு மொத நாளே தெரியும் புள்ள. வெறும் பேயின்னா ஒங்கண்ணன் கிழிச்சிருப்பான்ல?"