ஒரு பேராசிரியர், ஒரு மாணவர், ஒரு காது

தானே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கி, அதில் தானே ஒரே மாணவனாகச் சேர்ந்து, தன்னையே பரீட்சையில் பாஸாகவிடாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்தார். எனக்கு எதைப் பார்த்தாலும் எண்ணித் தொலைக்கும் வியாதி உண்டு. ஆனால் இந்த மாதிரி ஆட்களை எண்ண ஆரம்பித்தால் மட்டும் ஒன்றைத் தாண்ட முடியவில்லை.

பஜார் ரோடு முழுக்க அவரை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிட்டது. டிகிரி இல்லாததால் வந்த பெயர். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ராவுத்தர் முதலாளியின் மிளகு, சுக்கு மண்டியில் நான் கணக்கு எழுதினேன், அவர் கடிதங்கள் எழுதினார். அறையில் சன்னல் நான்கு, அதில் மூன்று திறக்காது. திறந்த ஒன்றின் அடியில் டிகிரி உட்கார்ந்திருப்பார். அவருடைய இடது காது வலது காதைவிடப் பெரியது. அதில் எப்போதும் இரண்டு பென்சில்கள் செருகியிருக்கும். வலது காதில் ஒன்றுகூட நிற்காது. “காயல் காத்து மொத்தமும் அதுலதான் புடிக்குது, மத்தவங்களுக்கும் கொஞ்சம் விடுடா” என்பார் முதலாளி.

முதலாளி அவருக்குத் தாய்மாமன். மண்டியின் மாடியில்தான் முதலாளி குடும்பம். மகள் ஜமீலாவை டிகிரிக்குத்தான் என்று தொட்டிலிலேயே பேசி வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முதலாளி ஆலுவாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வரும்வரை.

“மருமவனே, மாப்பிள்ளை பி.ஏ.ன்னு பந்தல்லயே எழுதி ஒட்டிருந்தான். எம் மவளுக்கும் ஒரு பட்டதாரிதான். முடிவு பண்ணிட்டேன்.”

“மாமு, இத்தனை வருஷமா உங்களுக்கு நாந்தானே கடுதாசி எழுதுறேன்?”

“கடுதாசி எழுதுறதெல்லாம் ஒரு படிப்பா? அதுக்கு எந்த யுனிவர்சிட்டிலடா டிகிரி தர்றான்?”

முதலாளி கேட்டது கிண்டலாகத்தான். டிகிரிக்குக் கிண்டல் புரியாது; அது அவருக்கு விசாரிக்க வேண்டிய விஷயமாகப் பட்டது. மறுநாளே படகேறி எர்ணாகுளம் போனார். ஒரு கல்லூரி அலுவலகத்தில் நின்று, தொழிலுக்காக எழுதுகிற படிப்பு உண்டா என்று கேட்டார். அங்கிருந்தவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“எழுதான் படிக்கணோ? அது ஒண்ணாம் கிளாஸில் படிச்சதல்லே சேட்டா?”

திரும்பும் படகு மட்டாஞ்சேரியில் அணைவதற்குள் டிகிரி சொந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவிட்டார்.

சுக்கு மூட்டைகளுக்கு நடுவே இருந்த இடம் வளாகம். படிப்பு நான்கு வருடம். முதல் வருடம் புகார், இரண்டாம் வருடம் சால்ஜாப்பு, மூன்றாம் வருடம் விளம்பரம், நான்காம் வருடம் வேண்டுகோள். பேராசிரியர் அவர், மாணவர் அவர். என்னைக் கேட்காமலே என்னைப் பதிவாளராக நியமித்தார். காலையில் மண்டி திறக்கும் முன் வகுப்பு. பலகைக்கு முன்னால் நின்று ஒரு வாக்கியம் சொல்வார், ஓடிவந்து மூட்டைமேல் உட்கார்ந்து அதை எழுதிக்கொள்வார், கையைத் தூக்குவார், எழுந்துபோய், “என்ன சந்தேகம்?” என்பார். ஒருநாள் மாணவன் ஏதோ துடுக்காகக் கேட்டுவிட, பேராசிரியர் அவனை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பினார். டிகிரி வாசலில் நின்றார். உள்ளே ஒருவரும் இல்லை. நான் சாயா கொண்டுபோய் நீட்டினேன்.

“வகுப்பு முடியட்டும்” என்றார்.

எவ்வளவு நேரம் கழித்து வகுப்பு முடிந்ததென்று எனக்குத் தெரியாது. சாயா ஆறிப்போனது தெரியும்.

இரண்டாம் வருடம் மாணவர் வேலைநிறுத்தம் நடந்தது. சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு, “பாடத்தைக் குறை!” என்று மண்டியைச் சுற்றிவந்தார். பேச்சுவார்த்தையில் இரு தரப்புக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்றாம் வருடம் கேள்வித்தாள் வெளியாகிவிட்டது என்று பரீட்சையையே ரத்து செய்தார். எப்படி வெளியானது என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“தூக்கத்துல ஏழாவது கேள்வி கனவுல வந்திருச்சு.”

ஆனால் படிப்பு வீண்போகவில்லை. கிழிந்த சாக்கு அனுப்பிய வியாபாரிக்கு அவர் எழுதிய புகாரைப் படித்துவிட்டு, அந்த ஆள் நேரில் வந்து அழுதார். மழையில் சரக்கு நனைந்து தாமதமானதற்கு டிகிரி எழுதிய சால்ஜாப்பைப் படித்த பம்பாய்க்காரர், மிளகுக்கு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்துத் தந்தி அடித்தார்.

நான்காம் வருடத்தின் முதல் பாடத்தை டிகிரி தினமும் கத்திச் சொல்வார். “வேண்டி எழுதும் கடிதத்தின் மூன்றாவது வரியில் உன் குறை ஒன்றை ஒத்துக்கொள்! குறையைச் சொன்னவனைத்தான் மனிதன் நம்புவான்!” மாடி சன்னலில் அரிசி புடைத்தபடி ஜமீலா நான்கு வருடப் பாடத்தையும் கேட்டு முடித்திருந்தாள்.

சிக்கல் கடைசித் தாளில்தான். அதை வெளியாள்தான் திருத்த வேண்டும், எழுதியது யாரென்று திருத்துபவருக்குத் தெரியக் கூடாது. விதியை எழுதியவர் டிகிரியேதான். இருந்தது ஒரே மாணவர், பஜாரில் யாரிடம் தாளைக் கொடுத்தாலும், “இது நம்ம டிகிரி எழுதினதல்லே?” என்றார்கள். நான் திருத்துகிறேன் என்றேன்.

“உங்களுக்கு என் கையெழுத்து தெரியுமே.”

“தெரியாத மாதிரி இருந்துக்கறேண்ணே.”

“பதிவாளர் பேசற பேச்சா இது?” என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அடுத்தடுத்து மூன்று தடவை அவருடைய தேர்வு முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

மேலே சன்னல் படாரென்று திறந்தது. “மச்சான், எப்பத்தான் பாஸாவீங்க?”

“வெளித் தேர்வாளர் கெடைக்கல, ஜமீலா.”

“எனக்கு வெளி மாப்பிள்ளை கெடச்சிருவான், பாத்துக்கங்க!”

சொன்னபடியே கிடைத்தான்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாலக்காட்டிலிருந்து ஒரு கல்யாணத் தரகர் மண்டிக்கு வந்தார். நல்ல இடத்தில் பெண் கேட்டு ஒரு கடிதம் வேண்டுமாம். “பேருக்கு இடம் விட்டு எழுதுங்க. பையன் கைப்பட காப்பி பண்ணிக்குவான்” என்றார். பெண் யார் என்று அவர் சொல்லவில்லை. டிகிரி கேட்கவும் இல்லை. சாக்கு வியாபாரியை அழவைக்க அவருக்குக் கால்மணி நேரம் போதும். இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆயிற்று. அடிக்கடி தலையை வெளியே நீட்டி மாடி சன்னலைப் பார்த்தார். நான் அவர் ஒடித்த பென்சில்களை எண்ணினேன். ஐந்து.

பத்து நாள் கழித்து முதலாளி ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டே மண்டிக்குள் வந்தார். “பாலக்காட்டுலேருந்து பொண்ணு கேட்டு எழுதிருக்கான்! நெஜ பி.ஏ.! கேளுங்கடா!” என்று உரக்கப் படித்தார். முதல் வரியிலேயே டிகிரியின் காதிலிருந்து ஒரு பென்சில் விழுந்தது. மூன்றாவது வரி இது: “என் இடது காது வலது காதைவிடச் சற்றுப் பெரியது; அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.”

மாடியில் அரிசி புடைக்கும் சத்தம் நின்றது.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதாண்டா படிச்சவன் எழுத்து! நூத்துக்கு நூறு! காதப் பத்திக்கூட என்ன அடக்கமா சொல்றான் பாரு. நீயும் வச்சிருக்கியே ஒரு காது!”

டிகிரியை மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

“சொல்லிடுங்கண்ணே!”

“எழுதிக் குடுத்தப்புறம் அது என்னுதில்ல. முதல் வருஷம், முதல் பாடம்.”

“பொண்ணு போயிரும்ணே!”

“போகட்டும். பாடம் போகக் கூடாது.” கீழே விழுந்த பென்சிலை எடுத்து, ஞாபகமில்லாமல் வலது காதில் செருகினார். அது மறுபடி விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பையன் வந்தான். நாற்காலி தூக்கிப் போட மாடிக்குப் போன நான் இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டேன். வீட்டில் பதினோரு பேர். பதினோரு பேரும் பையனின் இடது காதைத்தான் பார்த்தார்கள். முதலாளி ஷர்பத்தை இடது பக்கமாகப் போய் நீட்டினார். பிறகு வலது பக்கம் போய்ப் பார்த்தார். இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, சின்னச் சின்ன அழகான காதுகள்.

“தம்பி, அந்தக் காது எங்கே?”

“எந்தக் காது?” என்றான் பையன். பாவம், ஒரு வரியையும் மனதில் வாங்காமல் காப்பி பண்ணியிருக்கிறான்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அத்தா, அந்தக் காது கீழ ஆபீஸ்ல ரெண்டு பென்சிலோட உக்காந்திருக்கு!”

படிகள் பதினான்கு. முதலாளி அதில் பாதியைத்தான் மிதித்திருப்பார்; பின்னாலேயே நானும் ஓடினேன். “நீயாடா எழுதுன?”

டிகிரி எழுந்து நின்றார். “வாடிக்கைக்காரர் விஷயம், மாமு. சொல்ல முடியாது.”

வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பதிவாளர் பதவி என்று ஒன்று இருக்கிறதே. “முதலாளி, எழுதினது யாருன்னு தெரியாமயே நூத்துக்கு நூறு போட்டீங்க. இவரோட வெளித் தேர்வாளர் நீங்கதான். இவர் பாஸ்” என்றேன்.

“நானா? நானே நாலாங் கிளாஸ்டா!”

டிகிரி முகம் வெளுத்து என் பக்கம் திரும்பினார். “பதிவாளரே, இது விதிப்படி செல்லுமா?”

“செல்லும்.”

“மறுமதிப்பீட்டுக்கு விடணுமோன்னு...”

“மரியாதையா பாஸாயிடுங்க மச்சான்!” என்று மாடி அலறியது.

முதலாளி சுக்கு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். “போட்ட மார்க்கக் கொறைக்க வழியுண்டா?” என்று கேட்டார். விதியில் இல்லை என்றேன். முதலில் அவருடைய தொந்திதான் குலுங்கியது, சிரிப்பு பிறகுதான் வெளியே வந்தது. பாலக்காட்டுப் பையனுக்கு வயிறாரச் சோறு போட்டு, ஒரு பொட்டலம் ஏலக்காயும் கொடுத்து அனுப்பிவைத்தார்.

பட்டமளிப்பும் நிக்காஹும் ஒரே நாளில் நடந்தன. மேலங்கி, பழைய குடைத்துணியில் தைத்தது. அதில் எட்டு ஓட்டை. பந்தலில் ‘மாப்பிள்ளை பட்டதாரி’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. ஏணியில் ஏறி ஒட்டியவர் முதலாளி.

இப்போது எழுதுவதற்கென்றே நிஜப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு இருக்கிறதாம். பக்கத்து வீட்டுப் பெண் சேர்ந்திருக்கிறாள். மூன்றாவது வரியைப் பற்றி அங்கே சொல்லிக் கொடுக்கிறார்களா என்று எனக்கு ஒரே கவலை. நான் டிகிரி சொல்லிக் கொடுத்தபடிதான் செய்திருக்கிறேன். நீங்களே மேலே போய் இந்தக் கட்டுரையின் மூன்றாவது வரியைப் பார்த்துக்கொள்ளலாம். இதைத் திருத்தத்தான் அவர் இப்போது இல்லை. பெயில் போட்டாலும் பரவாயில்லை, டிகிரி அண்ணே.